ஸ்வாட் பிளஸ்: தாமிரபரணிக் கணக்குக்கு ஒத்துவருமா?

ஆற்று வடிநிலத்தின், அதாவது ஓர் ஆற்றுக்கு மழைநீர் வந்து சேருகிற நிலப்பரப்பின், நீர்க்கணக்கு என்றால் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் முதலில் கையில் எடுக்கிற மென்பொருள் ஸ்வாட். அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. காசு கிடையாது. அதைப் பிரித்து மறுபடி கட்டிய பதிப்புதான் ஸ்வாட் பிளஸ். தாமிரபரணிக்கு இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடலாம். பொதிகை மலைப்பகுதிக்குத் தாராளமாக ஆகும். பாபநாசத்துக்குக் கீழே, கால்வாய்களையும் குளங்களையும் கையால் உள்ளே ஏற்றிய பிறகு மட்டும் ஆகும். ஏற்றாமல் ஓட்டினாலும், ஆற்றோட்டத்தை அளக்கிற முறப்பநாட்டில் கணக்கிட்ட வரைகோடு அளந்ததோடு அழகாகப் பொருந்தத்தான் செய்யும். ஆனால் அம்பாசமுத்திரத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் அது சொல்வது பொய்.

ஒரு கல்லூரி தனியாக ஆய்வுக்கட்டுரை எழுத இதை எடுப்பது வேறு. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டக் கல்லூரிகள் ஒரே மாடலை, அதாவது இந்த மென்பொருளில் கட்டிய ஆற்றின் கணக்கு உருவத்தை, பொதுவில் வைத்துக்கொள்வது வேறு. இங்கே பார்ப்பது இரண்டாவதை. பொறியியல் கல்லூரி நீரோட்டத்தைப் பார்க்கலாம். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி போன்ற இடம் மண்ணையும் பயிரையும் பார்க்கலாம். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிற சுற்றுச்சூழல் மையம் போன்ற இடம் மலையையும் நீரின் தரத்தையும் பார்க்கலாம். முகத்துவாரத்துக்கு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடம். இப்படிப் பிரித்துச் செய்ய இந்த மென்பொருள் வாகாகவே அமைந்திருக்கிறது. ஓடுகிற மாடலின் உள்ளீடு அத்தனையும் சாதாரண எழுத்துக் கோப்புகள். மண் தனிக் கோப்பு, பயிர் தனிக் கோப்பு, அணை தனிக் கோப்பு. யார் எதை மாற்றினார்கள் என்பதை நோட்பேடில் திறந்தே பார்த்துவிடலாம்.

நிறுவும்போது வரிசை தப்பக்கூடாது. முதலில் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதன்மேல் ஸ்வாட் பிளஸ் தொகுப்பு. புத்தம்புதிய கியூஜிஐஎஸ் வந்திருக்கிறதே என்று அதைப் போட்டால், அதற்குள் ஓடவேண்டிய ஸ்வாட் பிளஸ் செருகுநிரல் திறக்காமல் அடம்பிடிக்கும். திட்டக் கோப்புறையின் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். சாதாரண மடிக்கணினியே போதும்.

அடுத்தது நம் வடிநிலத்துக்கே உரிய ஒரு வில்லங்கம். வரைபடங்களுக்காக உலகத்தை நெடுக்குப் பட்டைகளாகப் பிரிக்கிற யூடிஎம் முறையில் மண்டலம் 43-ம் 44-ம் பிரிகிற கோடு 78 பாகை கிழக்கு. தாமிரபரணி அந்தக் கோட்டைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. நெல்லை, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் 43-இல்; முகத்துவாரத்துப் புன்னைக்காயல் 44-இல். நெல்லைக் கல்லூரி 43-இலும் தூத்துக்குடிக் கல்லூரி 44-இலும் வரைபடம் தயாரித்து ஒன்றாகச் சேர்த்தால் குளங்கள் வேறு இடத்தில் போய் உட்காரும், அல்லது மென்பொருள் ஏற்கவே மறுக்கும். வடிநிலம் முழுக்க 43 வடக்கு, அதாவது மென்பொருள் கேட்கிற குறியீட்டு எண்ணில் இபிஎஸ்ஜி 32643 என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கிழக்கு ஓரத்தில் வருகிற உருக்குலைவு இந்த வேலைக்குப் பொருட்டே இல்லை.

உயர வரைபடத்துக்கு, விண்வெளியிலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் அல்லது கோப்பர்நிகஸ் தரவு 30 மீட்டர் கட்டங்களில் போதும். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,111 கட்டங்கள்; ஓடை தொடங்கும் வரம்பை 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்தால் 11,111 என்று கொடுக்கவேண்டும். மலையில் ஓடைகள் கச்சிதமாக விழும். காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி எதிலும் பிரச்சினை இல்லை. சமவெளிக்கு வந்தால்தான் தடுமாற்றம். ஆற்றுக்கு இணையாக, கொஞ்சம் மேட்டில் ஓடுகிற பாளையங்கால்வாயையும் கன்னடியன் கால்வாயையும் 30 மீட்டர் கட்டம் பார்க்காது. ஆற்றுக்கோட்டை மட்டும் வரைந்து கொடுத்து அதை வரைபடத்தில் பொறித்துவிடுங்கள், அதாவது அந்தக் கோட்டில் உயரத்தைத் தாழ்த்திவிடுங்கள். கால்வாயைப் பொறிக்காதீர்கள். பொறித்தால் கால்வாயையே ஆறு என்று எடுத்துக்கொண்டு, மழைநீர் முழுவதையும் அதில் இறக்கிவிடும்.

குளங்கள் இதைவிட மோசம். ஓடைக்கோடு போடுவதற்கு முன்னால் மென்பொருள் பள்ளங்களை நிரப்பும். நம் ஊர்க் குளம் என்பதே கரை போட்ட பள்ளம்தானே. கரை மட்டத்துக்கு அதை நிரவிவிட்டு, குளமே இல்லாத மாதிரி தண்ணீரை மேலே ஓடவிடும். ஆகவே குளங்களைத் தனி வடிவக்கோப்பாக, ஏரி என்ற இடத்தில் கொடுக்கவேண்டும். அப்போதும் எல்லாக் குளத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. மானாவாரிக் குளம் தன் நீர்ப்பிடிப்பிலிருந்து மட்டும் வாங்குகிறது. அதை உள்ளபடியே விடலாம். கால்வாய்க் குளம் அப்படியல்ல. நெல்லை டவுன் நயினார்குளமும் தென்திருப்பேரை கடம்பாகுளமும் ஆற்றுத் தண்ணீரில் நிரம்புகிறவை. அவற்றுக்கு வரத்தைத் தனியே இணைக்காவிட்டால் மாடலில் வருஷம் முழுக்க வறண்டே கிடக்கும். சங்கிலித்தொடர் குளங்களில் மேல்குளத்து மறுகால் எந்தக் கீழ்க்குளத்துக்குப் போகிறது என்பதை வரைபடத்தில் தேடிப் பயனில்லை. மடையையும் மறுகாலையும் ஊரில் பார்த்து எழுதியவர்களின் பட்டியல்தான் வேண்டும். கூட்டு ஆய்வில் மாணவர்களை அனுப்ப இதைவிட உருப்படியான வேலை கிடையாது.

நிலப்பயன்பாட்டுக்குச் செயற்கைக்கோள் படம் எடுக்கிற மாதத்தைக் கவனிக்கவேண்டும். மே மாதப் படத்தில் குளம் தரிசு. ஜனவரிப் படத்தில் நீர்நிலை. ஆகஸ்டில் கார் போக நெல், ஜனவரியில் பிசானப் போக நெல், மே மாதத்தில் கோடை என்று மூன்று படத்தையும் ஒப்பிட்டு வகைப்படுத்தினால்தான் இருபோக நெல்லும் ஒருபோகமும் வாழையும் பிரியும். ஹெச்ஆர்யூ, அதாவது ஒரே மண்ணும் பயிரும் சரிவும் கொண்ட துண்டுகளாக நிலத்தைப் பிரிக்கும்போது, 10 சதவீதத்துக்குக் குறைந்ததை விட்டுவிடுகிற வடிகட்டலைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற வழக்கம் இருக்கிறது. அப்படி வைத்தால் ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக்கொடிக்கால் எல்லாம் ஒரே சொடுக்கில் காணாமல் போகும். நெல்லின் தேதிகளையும் கையால் எழுதவேண்டும்: கார் நடவு ஜூன்–ஜூலை, பிசானம் அக்டோபர்–நவம்பர். அணையில் தண்ணீர் இல்லாத ஆண்டில் கார் நடவே நடக்காது. மாடலுக்கு அது தெரியாது. அந்த ஆண்டுகளை வேளாண் கல்லூரிக்காரர்கள்தான் பட்டியலிட்டுத் தரவேண்டும். இன்னொன்று: தென்காசி 2019 நவம்பரில் பிரிந்தது. அதற்கு முந்தைய பயிர்ப்பரப்பெல்லாம் திருநெல்வேலி பெயரிலேயே கிடக்கும். வட்டவாரியாகப் பிரித்து எடுக்காவிட்டால் தென்காசிப் பக்கத்துச் சிற்றாற்றுப் பகுதி இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும்.

காட்டுக்கு ஒரு நல்ல செய்தி. பழைய ஸ்வாட் பகல் நேரத்தையும் குளிரையும் பார்த்துத்தான் மரத்துக்கு ஓய்வு கொடுக்கும். 8 பாகை அட்சரேகையில் அது அர்த்தமில்லாதது. ஸ்வாட் பிளஸ்ஸில் மண் ஈரத்தை வைத்துத் துளிர்க்கச் செய்கிற தேர்வு பயிர்க் கோப்பிலேயே இருக்கிறது. களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், நீராவிப்போக்கு நம்பும்படி வரும்.

மழைதான் உயிர்நாடி. வானிலை ஆய்வுத் துறையின் கட்ட மழைத்தரவு 0.25 பாகை அளவு, அதாவது ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அந்த ஒரே கட்டத்துக்குள் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி எஸ்டேட்டுகளின் கொட்டுகிற மழையும் கீழே அம்பாசமுத்திரத்துச் சமவெளி மழையும் சேர்ந்து சராசரியாகிவிடும். விளைவு, அணைக்கு நீர்வரத்து குறைவாக வரும். நிலைய மழையே மேல். ஆனால் வடிநிலத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கு மிக அருகில் உள்ள மழைமானியைத்தான் மென்பொருள் எடுக்கும். மலையில் மானி கொடுக்காவிட்டால் அம்பாசமுத்திரத்து மழையை வைத்து அகத்தியமலையை நனைத்துக்கொண்டிருக்கும்.

உயரத்துக்கேற்ப மழையைக் கூட்டுகிற வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் வருஷம் முழுக்க ஒரே விகிதம். தென்மேற்குப் பருவத்தில் முகட்டைத் தாண்டிச் சிதறுகிற மழைக்கு அது பொருந்தும். வடகிழக்கில் பொருந்தாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது கடற்கரை ஊர். அன்றைக்கு விகிதம் தலைகீழ். அதனால் உயர விகிதத்தை நம்பாமல், மலைக்கு எஸ்டேட் மானிகளையும் கீழே சமவெளி மானிகளையும் தனித்தனியாகக் கொடுப்பதே சரி.

மழைக்கோப்பில் இரண்டு பொறிகள். ஒன்று, 18-ஆம் தேதி என்று பதிவாகிற மழை 17 காலை 8:30 முதல் 18 காலை 8:30 வரை பெய்தது. அணை நீர்வரத்தின் தேதியும் அதே கணக்கில்தானா என்று பார்க்காமல் கோர்த்தால் உச்சி ஒரு நாள் தள்ளி விழும். மாதக் கணக்கில் தெரியாது, நாள் கணக்கில் பொருத்தத்தின் மதிப்பெண் சரியும். இரண்டு, மானி பழுதான நாளுக்கு −99 போட்டால் மென்பொருள் சும்மா இருக்காது. பழைய சராசரியை வைத்துத் தானாக ஒரு மழையைப் பெய்வித்துவிடும். பெருமழையில்தான் மானி பழுதாகும் என்பதை யோசித்தால் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று விளங்கும்.

அணைகளில் சிக்குவது அலகு. நம் பதிவேட்டில் அடி, கனஅடி, மில்லியன் கனஅடி. மென்பொருள் கேட்பது ஹெக்டேர்-மீட்டர். ஒரு மில்லியன் கனஅடி 2.83 ஹெக்டேர்-மீட்டர். பாபநாசத்தின் 5,500 மில்லியன் கனஅடி 15,574 ஆக வேண்டும். மணிமுத்தாற்றின் 5,511 என்பது 15,605. 5,500 என்றே அடித்துவிட்டால் அணை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், ஜூலையிலேயே வழியும். எச்சரிக்கை எதுவும் வராது. சேர்வலாறு அணை பாபநாசத்தோடு சுரங்கவழியில் இணைந்திருப்பதால் இரண்டையும் தனித்தனி அணையாக வைத்துத் திணறுவதைவிட, 6,725 மில்லியன் கனஅடி கொண்ட ஒரே அணையாக வைப்பது நடைமுறைக்கு எளிது.

நீர் திறப்புக்குத் தானாக வந்து உட்காருகிற முடிவு அட்டவணை, அதாவது 'இப்படி இருந்தால் இவ்வளவு திற' என்ற விதிப்பட்டியல், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் அணைகளுக்காக எழுதியது. வெள்ளத்தைத் தாங்குவதுதான் அதன் குறி. நம் அணையில் ஜூன் தொடக்கத்தில் காருக்குத் திறப்பு, இடையில் மின்நிலையத்தின் தேவை, குடிநீருக்குக் கோடைத் திறப்பு. எல்லாவற்றையும் மாதம், கொள்ளளவு என்ற இரண்டு நிபந்தனைகளால் புதிதாக எழுதலாம். ஸ்வாட் பிளஸ்ஸின் மிகச் சிறந்த அம்சம் இந்த அட்டவணைதான். பழைய ஸ்வாட்டில் இந்த நெகிழ்வு கிடையாது.

இனி மையப் பிரச்சினை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள், பதினோரு கால்வாய்கள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம். நெல்லுக்குப் போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரே போகத்துக்குச் சுமார் 41.8 கோடி கனமீட்டர், அதாவது 14,700 மில்லியன் கனஅடிக்கு மேல். அதில் ஒரு பகுதியை மழையே கொடுக்கும், வயல் வடிகாலும் ஆற்றுக்குத் திரும்பும் என்றாலும், மூன்று பெரிய அணைகளும் நிரம்பினால்கூட 12,236 மில்லியன் கனஅடிதான். பிழை என்று ஒதுக்கிவிடுகிற அளவா இது?

மத்திய நீர்வள ஆணையத்தின் அளவுநிலையம் முறப்பநாட்டில். மேலே உள்ள அணைக்கட்டுகள் எல்லாம் வாங்கியது போக மீதிதான் அங்கே அளக்கப்படுகிறது. கால்வாயே இல்லாத மாடலை அந்த மீதியோடு பொருத்தச் சொன்னால், மாடலின் எண்களைத் தானே மாற்றிப் பொருத்திப் பார்க்கிற தானியங்கித் திருத்தம் என்ன செய்யும்? மழையில் எவ்வளவு ஓடுநீராகும் என்பதைத் தீர்மானிக்கிற கர்வ் நம்பரைக் குறைக்கும். 200 மில்லிமீட்டர் மழை நாளில் கர்வ் நம்பர் 70 என்றால் ஓடுநீர் 111 மில்லிமீட்டர். 60 என்றால் 82. பத்து எண்ணில் கால்வாசித் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடுகிறது. மிச்சத்தை ஆழ் நிலத்தடிக்கும் ஆவிக்கும் தள்ளும். பொருத்தத்தை அளக்கிற நாஷ்–சட்க்ளிஃப் மதிப்பு 0.5-ஐத் தாண்டும், கட்டுரையும் வந்துவிடும். ஆனால் அந்த மாடலில் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் நிலத்தடி நீராக நிற்கிறது. அதை வைத்துக் கடைமடைக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டால் தலைமடைக்காரரும் சிரிப்பார், கடைமடைக்காரரும் சிரிப்பார்.

இதற்கு மருந்தாக மென்பொருளிலேயே நீர் ஒதுக்கீட்டுக் கோப்பு என்று ஒன்று உண்டு. மூலம் எது, கேட்பது யார், எவ்வளவு, மூலத்தில் மாதவாரியாகக் குறைந்தபட்சம் எவ்வளவு விடவேண்டும் என்று எழுதலாம். ஒவ்வொரு அணைக்கட்டையும் ஒரு மூலமாக, ஒவ்வொரு கால்வாயையும் ஒரு கேட்பாகப் போடுங்கள். விருதுநகர் மாவட்டம் வரை போகிற குடிநீர்த் திட்டங்களை வடிநிலத்துக்கு வெளியே போகிற எடுப்பாகக் காட்டுங்கள். மணிமுத்தாற்றுப் பிரதானக் கால்வாயும் நாங்குநேரி, திருச்செந்தூர் பக்கத்துக் குளங்களுக்குத் தண்ணீரை எல்லை தாண்டிக் கொண்டுபோகிறது. கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு நோக்கிய வெள்ளநீர்க் கால்வாயும் அப்படியே. இவை திரும்பி வராத தண்ணீர். வயலுக்குப் போவதோ ஒரு பகுதி திரும்பும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் கணக்கு உதைக்கும்.

இந்தக் கோப்பில் ஒரு குறை. பங்கீட்டு விதி, மூத்த உரிமை இளைய உரிமை என்ற அமெரிக்க மேற்குப் பகுதி வழக்கத்தில் எழுதப்பட்டது. மூத்தவர் முழுசாக எடுத்த பிறகே இளையவருக்கு. நம் ஆற்றில் கார் திறப்பு, பிசானத் திறப்பு, பற்றாக்குறையில் முறைப்பாசனம் என்று தேதியும் முறையும்தான் விதி. அதற்கு எல்லாருக்கும் ஒரே உரிமை கொடுத்துவிட்டு, முறையை முடிவு அட்டவணையில் நாள்வாரியாக எழுதவேண்டியிருக்கிறது. நாலைந்து நாள் வேலை, சலிப்பான வேலை. விட்டால் மாடல் கோடையில் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு சொட்டு விடாது.

கால்வாய்களை ஏற்றிய பிறகும் திருத்தத்தை மேலிருந்து கீழே செய்யவேண்டும். முதலில் அணை நீர்வரத்தை வைத்து மலைப்பகுதியை மட்டும் திருத்தி அந்த எண்களைப் பூட்டிவிடுங்கள். பிறகு முறப்பநாடு. ஓட்டத்தில் முதல் மூன்று ஆண்டுகளை வெள்ளோட்டமாக ஒதுக்கவேண்டும். இல்லாவிட்டால் மண்ணும் அணையும் தொடக்க எண்ணிலேயே நிற்கும். திருத்தத்துக்கு இலவச ஸ்வாட் பிளஸ் டூல்பாக்ஸ் போதுமானது.

பங்குபோட்டு வேலை செய்வதில் ஒரு தொல்லை உண்டு. உள்ளீட்டை எழுதித் தருகிற ஸ்வாட் பிளஸ் எடிட்டரின் திட்டத்தரவு ஒரே எஸ்கியூஎல்லைட் தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. இரண்டு கல்லூரிகள் ஒரே நாளில் மாற்றினால் இணைக்க வழியில்லை, ஒருவருடைய வேலை போகும். தாய்ப்பிரதி ஒரே இடத்தில், ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கட்டும். மற்றவர்கள் தங்கள் கோப்பையும், திருத்த எண்கள் மட்டும் இருக்கிற சின்ன கேலிபரேஷன் கோப்பையும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். எடிட்டர் பதிப்பை எல்லாரும் ஒன்றாக வைத்துக்கொள்ளவேண்டும். புதிய பதிப்பில் திறந்த திட்டம் பழையதில் திறக்காது. ஒரு கணினி மட்டும் புதுப்பித்துக்கொண்டால் ஆறு மாத வேலை முட்டிக்கொண்டு நிற்கும்.

இதனால் ஆகாதவையும் உண்டு. நாள் கணக்கில் ஓடுகிற மாடல் குற்றாலத்தில் மணிக்கணக்கில் வருகிற வெள்ளத்தைக் காட்டாது. எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்பதற்கு ஹெக்-ராஸ் போன்ற வேறு கருவி வேண்டும். முகத்துவாரத்தில் உப்புநீர் ஏறுவதும் இதில் கிடைக்காது. மீன்வளக்காரர்களுக்கு நன்னீர் எவ்வளவு இறங்குகிறது என்ற எண்ணை மட்டும்தான் கொடுக்கும். சாக்கடைக் கலப்பை, ஓரிடத்தில் வந்து கலக்கிற 'புள்ளி மூலம்' என்று சேர்க்கலாம், ஆனால் அளந்த தரவு கையில் இருந்தால்தான்.

கையில் அணைக்கட்டுவாரியான தினசரிக் கால்வாய் அளவும் குளப் பட்டியலும் இருக்கிற குழு இதை இன்றைக்கே எடுக்கலாம். மலைக் காடு, அணை நீர்வரத்து மட்டும் பார்க்கிறவர்களும் எடுக்கலாம். கால்வாய் அளவு கிடைக்காத குழு பாபநாசத்தோடு எல்லையை நிறுத்திக்கொண்டு, கீழே உள்ளதற்கு எக்செல்லில் மாதவாரி வரவு–செலவு போட்டுக்கொள்வது மேல்.